பிள்ளைகளுக்குக் கூட்டாக வயலின் கற்பித்தல்: புதிய ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆலய மண்டபத்திலோ பள்ளி வகுப்பறையிலோ சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வயலின் சொல்லிக்கொடுக்க முன்வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் வயலின் நன்றாக வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆலயப் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவர்களும் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் ஆசிரியராகும்போது தடுமாறுவது வரிசையில்தான். சுருதி சேராத வயலினைக் கொடுத்து, நிற்கக் கற்பிக்காமல் வில்லைக் கொடுத்து, காது பழகும் முன்பே பாட்டைக் கேட்கிறார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

1. மேற்கத்திய முறையா, கர்நாடக முறையா?

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் இரண்டுக்கும் பிள்ளைகள் கிடைப்பார்கள். இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம்.

மேற்கத்திய முறையில் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என்று நிற்கும். கர்நாடக முறையில் அவை மந்திர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய (நடு ஸ்தாயி) ஸட்ஜம், மத்திய பஞ்சமம். முதல் முறையில் பிள்ளை நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிக்கிறது. இரண்டாவதில் தரையில் சம்மணமிட்டு, வலது பாதத்தின் மேல் வயலினின் தலைப்பகுதியைத் தாங்கி வாசிக்கிறது. வாத்தியத்தின் எடையை எங்கே தாங்குவது என்பதே வேறாக இருக்கும்போது, இடது கை நகரும் விதமும் வேறாகிவிடும். ஒரு வகுப்புக்கு ஒரு முறைதான். இரண்டுக்கும் ஆசிரியர்கள் இருந்தால் இரண்டு வகுப்பாகப் பிரியுங்கள்.

இந்த வழிகாட்டி மேற்கத்திய முறையை வைத்துப் போகிறது. கர்நாடக முறைக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

2. நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்குங்கள்

தொடங்க நல்ல காலம் ஜூன். பள்ளி திறந்து இரண்டு வாரம் போனதும் வீட்டில் நேர ஒழுங்கு வந்துவிடும். ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்கினால் கூட்டம் சேரும். பள்ளி திறந்ததும் கரைந்துவிடும்.

அடுத்து, எந்தெந்த வாரம் வகுப்பு நடக்காது என்பதை முன்கூட்டியே குறித்துவையுங்கள். ஓண நாட்கள், டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா, மாசியில் சிவாலய ஓட்டம், மண்டைக்காட்டுக் கொடை என்று ஒவ்வொன்றும் ஒரு பகுதிப் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கரோல் ரவுண்டு தொடங்கிவிட்டால் உங்கள் உதவி ஆசிரியர்களே காணாமல் போவார்கள். அந்த மாதத்தில் புதிய பாடம் எதையும் வைக்காதீர்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு.

இப்படிக் கழித்துப் பார்த்தால், ஓண நாட்கள் போக, ஜூன் நடுவில் இருந்து நவம்பர் நடு வரைதான் தடையில்லாத காலம். அடித்தளம் முழுவதும் அதற்குள் முடிய வேண்டும்.

3. ஓர் ஆசிரியர் போதாது

எட்டுப் பிள்ளைக்கு இரண்டு பேர் வேண்டும். முன்னால் நின்று பாடம் நடத்துபவர் ஒருவர். பின்னால் சுற்றி வந்து தோளைத் தளர்த்தி, வில்லைச் சரிசெய்து, கழன்ற பிரடையை (தந்தியை முறுக்கும் முளையை) இறுக்குபவர் மற்றொருவர். ஒருவரே இரண்டையும் செய்தால் ஒரு பிள்ளையின் தந்தியைச் சரிசெய்யும் நேரத்தில் மீதி ஏழு பேரும் வில்லால் வாள்சண்டை போடுவார்கள்.

இரண்டாமவர் பெரிய வித்துவானாக இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து ஆண்டு கற்ற கல்லூரி மாணவி போதும். இன்னும் சொன்னால், அவருக்குத்தான் தொடக்கக் கஷ்டங்கள் நினைவில் இருக்கும். நாற்பது ஆண்டு வாசித்தவருக்கு வில்லை எப்படிப் பிடிக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பிலும் இந்த இருவர் விதி கட்டாயம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் அமரலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். வயலின் கற்பிக்கக் கையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் உங்கள் கையைக் காட்டி, பிள்ளையைப் பார்த்துச் செய்யச் சொன்னாலே போதும். தொட வேண்டிய இடத்தில் "முழங்கையைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். சிறுவர் உதவி எண் 1098 சுவரில் தெரியும்படி இருக்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை இருக்கிறது என்பதை எல்லா உதவியாளர்களுக்கும் முன்பே விளக்குங்கள்.

சம்பள விஷயம்: சேவை என்றாலும் பஸ் கட்டணத்தையும் ஒரு சிறு தொகையையும் கொடுத்துவிடுங்கள். கையில் எதுவும் கிடைக்காத உதவியாளர் மழை நாளில் வரமாட்டார்.

4. கையை அளந்த பிறகு வயலின்

"வளர்கிற பிள்ளைதானே, பெரியதாகவே வாங்கிவிடுவோம்" என்பது சட்டைக்குச் சரி. வயலினுக்குச் சரிவராது. அளவு பெரிதானால் இடது கை எட்டாமல் மணிக்கட்டு உள்ளே மடியும், தோள் ஏறும். அந்தப் பழக்கம் பின்னர் எளிதில் போகாது.

முழு அளவு 4/4. அதற்குக் கீழே 3/4, 1/2, 1/4, 1/8 என்று இறங்கும். 1/2 என்றால் நீளத்தில் பாதி என்று நினைத்துவிடாதீர்கள்; அது ஒரு பெயர் மட்டுமே, முழு அளவை விடச் சில அங்குலம்தான் குறையும்.

பிள்ளையின் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தடியில் இருந்து உள்ளங்கையின் நடு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சுமார் 23 அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் முழு அளவு. 22 அங்குலத்துக்கு 3/4. 20 அங்குலத்துக்கு 1/2. 18 அங்குலத்துக்கு 1/4. இரண்டுக்கும் இடையில் வந்தால் சிறியதையே எடுங்கள். பிறகு வயலினைத் தோளில் வைத்துப் பாருங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்கும்போதே விரல்கள் தலைச்சுருளைச் சுற்றி வளைய வேண்டும். வயதைக் கேட்டு அளவு சொல்லும் கடைக்காரரின் பேச்சு உதவாது. ஒன்பது வயதில் 1/4 பிடிக்கும் பிள்ளையும் உண்டு, 3/4 பிடிக்கும் பிள்ளையும் உண்டு.

பிள்ளைகளின் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டுதான் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ வயலின் வாங்கப் போக வேண்டும்.

5. பெட்டியில் இருந்து எடுத்ததும் வாசிக்க முடியாது

விலை குறைந்த புது வயலின் வாசிக்கும் நிலையில் வருவதில்லை. வகுப்புக்கு ஒரு வாரம் முன்பாவது இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

குதிரை: தந்திகளைத் தாங்கும் இந்த மெல்லிய மரத்தை எதுவும் ஒட்டி வைக்கவில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. மேல்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் இரண்டு எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக அதை நிறுத்துங்கள். தந்தியை முறுக்க முறுக்க அதன் மேல்முனை விரல்பலகை (தந்திகளுக்கு அடியில் விரல் வைக்கும் நீண்ட பலகை) பக்கம் சாய்ந்துகொண்டே போகும். தந்திகளின் கீழ்முனை கட்டியிருக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தால் குதிரை செங்குத்தாகத் தெரிய வேண்டும். சாய்ந்தால் இரண்டு கைகளாலும் மெல்லப் பின்னிழுத்து நிமிர்த்துங்கள்.

தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனால் குதிரை விழும். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சியும் விழக்கூடும். அதை மறுபடி நிறுத்தத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும்.

பிரடை: வழுக்கினால் வெளியே இழுத்து, உராயும் இடத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தேயுங்கள். இறுகிச் சிக்கினால் பென்சில் கரி. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் இறுகியது எதுவானாலும் முதலில் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் இறங்கிய பிரடை அதன்பின் எந்தச் சுருதியிலும் நிற்காது.

ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கத் தந்தியின் கீழ்முனையில் இருக்கும் சிறு திருகு) நான்கு தந்திக்கும் போடுங்கள். பல வயலின்களில் இ தந்திக்கு மட்டுமே இருக்கும். பிள்ளைகளின் வயலினில் நான்கும் இருந்தால் உங்கள் வகுப்பு நேரத்தில் பாதி மிஞ்சும்.

ரோசின் (தந்தியைப் பிடிக்க வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்): புதுக் கட்டி கண்ணாடி போல வழவழவென்று இருக்கும், வில்லின் முடியில் ஒட்டாது. உப்புத்தாளால் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத் தேயுங்கள். "வில் போட்டால் சத்தமே வரவில்லை" என்று வில் எடுத்த முதல் நாள் வரும் புகாருக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

6. விரல் இடங்களுக்குக் கோடு

விரல்பலகையில் மெல்லிய வண்ணநாடா ஒட்டலாமா கூடாதா என்று ஆசிரியர்கள் சண்டை போடுவார்கள். கூட்டு வகுப்புக்கு ஒட்டலாம் என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகளின் விரலைக் காதால் மட்டும் திருத்த முடியாது. ஆறு மாதத்தில் உரித்துவிடுங்கள்.

எந்த அளவு வயலினுக்கும் ஒரே கணக்குதான். தலைப்பக்கம் தந்தி தாண்டும் சிறு மேட்டில் இருந்து குதிரை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மேட்டில் இருந்து அதில் ஒன்பதில் ஒரு பங்கு தள்ளி முதல் விரல். ஐந்தில் ஒரு பங்கில் இரண்டாம் விரல். நான்கில் ஒரு பங்கில் மூன்றாம் விரல். தந்தி நீளம் 28 செ.மீ. என்றால் 3.1, 5.6, 7 செ.மீ. ஒட்டிய பிறகு வாசித்துக் காதால் சரிபாருங்கள்; நாடா ஒரு மயிரிழை நகர வேண்டியிருக்கும்.

இந்த இடங்கள் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களுக்குப் பொருந்தும். கர்நாடக வகுப்பு மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். அதில் ரிஷபம் தலைமேட்டுக்கு மிக அருகில் விழும் என்பதால் முதல் கோட்டை மட்டும் மாற்றுங்கள்.

7. பிள்ளைகள் வருமுன் சுருதி

ஆசிரியர்கள் அரைமணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டும். பிள்ளைகள் வந்ததும் வயலின்களை வாங்கி மேசையில் வரிசையாக வைத்து, அவர்களை வெளியே விளையாட விடுங்கள். எட்டுப் பேரும் கத்தும் அறையில் எந்தக் காதும் சுருதி சேர்க்காது.

ஏ தந்தியை முதலில் 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கவும். பிறகு டி, ஜி, கடைசியில் இ. ஒரு தந்தியை அதிகம் முறுக்கினால் மற்றவை கொஞ்சம் இறங்கும். அதனால் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும். பிரடையைத் திருகும்போதே உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தாமல் திருகினால் கையை எடுத்த கணம் 'டர்ர்' என்று கழன்றுவிடும். மெல்லிய இ தந்தியைப் பிரடையால் ஏற்றுவது ஆபத்து; ஃபைன் டியூனரை மட்டும் தொடுங்கள்.

போனில் உள்ள டியூனர் செயலி நல்ல கருவிதான். ஆனால் அது பக்கத்து வயலினின் ஒலியையும் சேர்த்துப் பிடிக்கும். தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் அதிர்வை வாங்குவதால் இரைச்சலிலும் ஏமாற்றாது. கர்நாடக வகுப்பில் சுருதிப்பெட்டியை ஓட விட்டு ஸட்ஜத் தந்திகளை முதலில் சேர்த்து, பிறகு பஞ்சமத்துக்குப் போங்கள்.

8. முதல் மூன்று வாரம் வில் இல்லை

இங்கேதான் ஆசிரியருக்குப் பொறுமை போகும், பெற்றோருக்கு ஐயம் வரும். வில் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதலில் நிற்றல். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, எடையை இரு கால்களிலும் சமமாக வைக்க வேண்டும். வயலினை இடது காறை எலும்பின் மேல் வைத்து, தாடையை மென்மையாக இறக்கச் சொல்லுங்கள். கழுத்தைக் கிடுக்கி போல இறுக்கும் பிள்ளைக்குத் தோளுக்கு அடியில் ஒரு சிறு பஞ்சுத் துண்டு போதும். விலை உயர்ந்த ஷோல்டர் ரெஸ்ட் இப்போது வேண்டாம். வயலினைத் தூக்குவது, இறக்கிக் கக்கத்தில் இடுக்கி ஓய்வாக நிற்பது, இரண்டையும் விளையாட்டாக மாற்றி மாற்றிச் செய்ய வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கை இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அடுத்து தந்தியை வலது கை ஆள்காட்டி விரலால் மீட்டுதல். திறந்த தந்தி (விரல் வைக்காத தந்தி) நான்கையும் பெயர் சொல்லி மீட்ட வேண்டும். ஆசிரியர் பெயரைச் சொல்ல, பிள்ளைகள் மீட்ட, பிறகு மாற்றி.

இதோடு பாட்டு. ஒரு ஸ்வரத்தை வாசிக்கும் முன்பு வாயால் பாடியாக வேண்டும். நம் பிள்ளைகளிடம் இதற்குத் தயக்கமே கிடையாது. ஞாயிறு பள்ளியிலோ கோயில் பஜனையிலோ நாலு பேர் முன்னால் பாடி வளர்ந்தவர்கள். அந்தக் காதை விட்டுவிட்டுத் தாளில் உள்ள புள்ளியைக் காட்டித் தொடங்குவது வீண். ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் மூன்றாம் மாதம் வரட்டும்.

9. நான்காம் வாரம் வில்

முதல் நாள் வில்லுக்குப் பதில் பென்சில். வலது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அப்படியே தூக்கி, கட்டைவிரலை மடக்கி நடுவிரலுக்கு எதிரே வைத்து, சுண்டுவிரலை வளைத்துப் பென்சிலின் மேல் நிற்க வையுங்கள். எடை குறைவு என்பதால் பிள்ளை இறுக்கிப் பிடிக்காது. இந்தப் பிடி வந்த பிறகே உண்மையான வில்.

வில்லை இறுக்கும்போது முடிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் இடைவெளி போதும். குச்சி நேராகும் அளவுக்கு முறுக்கினால் வளைவு போய்விடும். வகுப்பு முடிந்ததும் தளர்த்த வேண்டும். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். ஆனால் பெட்டியை மூடும் முன் உதவியாளர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முடியை விரலால் தொடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் பிள்ளை, தலையைக் கோதிய கையால் வில் முடியைத் தடவினால், அந்த இடம் தந்தியில் வழுக்கிக்கொண்டே போகும். எத்தனை ரோசின் தேய்த்தாலும் பிடிக்காது. இடைவேளையில் நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையும் அப்படித்தான். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் வைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் வில்லின் நடுப்பகுதி மட்டும். திறந்த ஏ தந்தியில் குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவே, குதிரைக்கு இணையாக. வில் விரல்பலகைப் பக்கம் வழுக்கிப் போவது எல்லாரிடமும் வரும் பிழை. முழங்கை பின்னால் போவதுதான் காரணம். எனவே வில்லைத் திருத்தாதீர்கள், முழங்கையைத் திருத்துங்கள். பிள்ளையைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகு காட்டி நிற்க வைத்தால், முழங்கை சுவரில் தட்டும்போது அதுவே உணர்ந்துகொள்ளும்.

10. இடது கை விரல்கள்

ஏ தந்தியில் முதல் விரல், பிறகு இரண்டும் மூன்றும். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டி நிற்கும்; முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. மூன்றாம் விரல் வைக்கும்போது முதல் இரண்டும் தந்தியில் இருந்து எழக் கூடாது. டி தந்தியிலும் இதே அமைப்பு. இரண்டையும் சேர்த்தால் டி மேஜர் வரிசை (டி-யில் தொடங்கி அடுத்த டி வரை எட்டு ஸ்வரம்) முழுதும் வந்துவிடும். அதற்குள் அடங்கும் எளிய பாட்டுகள் ஏராளம்.

நாடாவைப் பார்த்து வைக்கும் விரல் சரியா என்று சொல்ல வயலினிலேயே ஒரு சாட்சி உண்டு. ஏ தந்தியில் மூன்றாம் விரல் சரியான இடத்தில் விழுந்தால் பக்கத்து டி தந்தி தானாக அதிரும். கண்ணால் பார்க்கலாம். ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்றவர்களை அருகில் வந்து டி தந்தியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். "டீச்சர், ஆடுகிறது!" என்று கத்துவார்கள். அதற்குப் பிறகு நாடாவைப் பார்ப்பது குறைந்து காது வேலை செய்யத் தொடங்கும்.

11. வீட்டுப் பயிற்சி

நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் சேர்த்து வாசிப்பது இதற்கு ஈடாகாது. ஒரு நோட்டில் மூன்று வரி மட்டும் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தந்தி, எந்த வேலை, எத்தனை முறை. "நன்றாகப் பயிற்சி செய்" என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் எதுவும் செய்யாது.

பெற்றோரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்று: மூன்று மாதத்துக்குப் பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லக் கூடாது, விருந்தாளி முன்னால் நிச்சயமாகக் கூடாது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மேடை கேட்பார்கள். திறந்த தந்தியில் நிற்கும் எளிய துணையிசை ஒன்றைக் கொடுத்து, பாட்டைப் பாடகர் குழுவிடம் விட்டுவிடுங்கள்.

12. மழையும் உப்புக்காற்றும்

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் மழைதான். குலசேகரம் பக்கம் ஈரத்தில் பிரடை ஊதிச் சிக்கும். குளச்சல் கரையோரம் உப்புக்காற்றில் இ தந்தி துருவேறி அறும். வாசித்து முடித்ததும் தந்திகளையும் ரோசின் பொடியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. இ தந்தி கையிருப்பில் எப்போதும் இருக்கட்டும். அதிகம் அறுவது அதுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வயலினை வைக்கக் கூடாது. பலகைகளைச் சேர்க்கும் பசை சூட்டில் இளகிவிடும்.

13. இரவல் வயலினும் அடுத்த அளவும்

எல்லாரும் சொந்தமாக வாங்குவது தேவையற்றது. ஓரிரு ஆண்டில் அளவு மாறும். வகுப்பே சில வயலின்களை வைத்து இரவல் கொடுத்தால் ஒரே 1/2 வயலினில் பல பிள்ளைகள் கற்பார்கள். பதிவேட்டில் வயலின் எண், வில், ரோசின், பெட்டி, கொடுத்த நாள், பெற்றோர் கையெழுத்து. கொடுக்கும்போதே நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள்; "முன்பே கீறல் இருந்தது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. முன்பணம் சிறியதாக இருக்கட்டும், ஆனால் வாங்காமல் விடாதீர்கள்.

திரும்பி வரும் வயலினை அப்படியே அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றாதீர்கள். குதிரையின் சாய்வு, பிரடை, வில் முடி, எஃப் துளை வழியாகத் தெரியும் சவுண்ட் போஸ்ட் எல்லாவற்றையும் பார்த்து, பழைய நாடாவை உரித்துப் புதிதாக அளந்து ஒட்டிய பிறகே கொடுங்கள்.